பெரிய பேட்டரி, நடு வேரியண்ட்: மின்கார் விலைப்பட்டியல் பற்றி ஒரு மதிப்பீடு

விலைப்பட்டியலும் திறனாய்வுக்கு உரிய ஓர் ஆக்கமே. எதை எதனோடு சேர்த்தார்கள், எதை எதிலிருந்து பிரித்தார்கள், எதற்கு எவ்வளவு கேட்டார்கள் என்று பார்த்தால், அந்த ஒற்றைத் தாளிலேயே ஒரு நிறுவனத்தின் மனம் தெரிந்துவிடும். பெட்ரோல் காரில் இப்படி ஊன்றி வாசிக்க அவ்வளவு அவசியம் இருந்ததில்லை. பேஸ் மாடல் வாங்கினாலும் டாப் மாடல் வாங்கினாலும் டேங்க் ஒன்றுதான். பங்க்கில் நிற்கும் நேரமும் ஒன்றுதான். மின்காரில் வேரியண்ட்டைத் தேர்ந்தெடுப்பவர் டேங்கின் அளவையும் அது நிரம்பும் வேகத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார். அதில் தவறினால் பிறகு திருத்த வழியில்லை.

ஆகவே எந்தக் கார் சிறந்தது என்பது இங்கே கேள்வி அல்ல. காரை முடிவு செய்தபின் அதில் எந்த வேரியண்ட், எந்த ஆப்ஷன் என்பதே கேள்வி. களம் பெங்களூர். அடுக்குமாடியின் அடித்தளத்தில் பார்க்கிங், வாரம் முழுக்க அவுட்டர் ரிங் ரோடு, விடுமுறைக்குச் சேலமோ சென்னையோ மைசூரோ என்பதுதான் இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் ஓட்டம். அந்த ஓட்டத்தை வைத்தே எடைபோடுகிறேன்.

அளவுகோல்கள் மூன்று. முதலாவது மீளாமை. பின்னால் மாற்ற முடியாதவற்றுக்கே பணத்தில் முதல் பங்கு. பேட்டரி, காருக்குள் பொருத்தப்பட்ட ஆன்போர்டு சார்ஜர், ஏர்பேக், ஓட்டுநருக்கு உதவும் ஏடிஏஎஸ் அமைப்பின் சென்சார் ஆகியவை இந்த வகை. சீட் கவர், ஸ்பீக்கர், வயர்லெஸ் சார்ஜர் போன்றவை வெளிக்கடையிலும் கிடைக்கும். இரண்டாவது இடப்பொருத்தம். ஒரு வசதி தன்னளவில் நல்லதாக இருந்தால் போதாது; இந்த ஊரில், இந்த பார்க்கிங்கில், இந்த வரிச்சட்டத்தின் கீழ் அது பயன்படவேண்டும். மூன்றாவது வரிசையின் ஒழுங்கு. தேவையானதை வாங்க வருபவர் தலையில் தேவையற்றதையும் அந்த வரிசை கட்டுகிறதா என்று பார்ப்பது. முதல் இரண்டும் வாங்குபவரின் முடிவை அளக்கும்; மூன்றாவது தயாரிப்பவரின் நேர்மையை அளக்கும்.

இந்தக் கேள்வி பெங்களூருக்குப் புதிதல்ல. 2001-இல் சேத்தன் மைனியின் ரேவா இங்கிருந்துதான் சாலைக்கு வந்தது. 2009-இல் அதே காருக்கு லித்தியம் பேட்டரியும் ஒரு தெரிவாக வந்தது. 2010-இல் நிறுவனம் மஹிந்திராவின் கைக்குப் போயிற்று. 2016-இல் அந்த வழியில் வந்த இ2ஓ பிளஸ்ஸில் மற்ற வேரியண்ட்டுகளுக்கு 110 கி.மீ., உச்சியிலிருந்த பி8-க்கு மட்டும் 140 கி.மீ. என்று அறிவித்தார்கள். கூடுதல் தூரம் வேண்டுமானால் உச்ச வேரியண்ட்டை வாங்கு என்ற நிபந்தனை அப்போதே வந்துவிட்டது. 2020 ஜனவரியில் வந்த டாடா நெக்ஸான் இவி அந்த நிபந்தனையை ஏற்கவில்லை. 13.99 லட்சம் முதல் 15.99 லட்சம் வரையிருந்த அதன் மூன்று வேரியண்ட்டுகளிலும் பேட்டரி ஒன்றே: 30.2 கிலோவாட்-அவர், மின்கட்டண ரசீதின் கணக்கில் 30.2 யூனிட். இடையிலிருந்த 2 லட்சம் முழுக்க வசதிக்கானது. அதை வேண்டாம் என்று சொன்னவருக்குத் தூரத்தில் எந்த இழப்பும் இல்லை. தெளிவு அந்த வரிசையின் நிறை. கூடுதல் தூரம் கேட்டவருக்குக் கொடுக்க ஒன்றும் இல்லாதது அதன் குறை. பின்னாளில் ஒரே காரில் இரண்டு பேட்டரி என்ற முறை வந்து அந்தக் குறையைத் தீர்த்தது. ஆனால் பேட்டரியையும் அலங்காரத்தையும் ஒரே முடிச்சாகப் போடும் பழைய வழக்கத்துக்கும் அதுவே இடம் கொடுத்தது.

முடிச்சை நெருங்கிப் பார்க்க, 2024 ஜனவரியில் வந்த டாடா பஞ்ச் இவியின் அறிமுக விலைப்பட்டியல் நல்ல பாடம். 25 யூனிட் பேட்டரியில் உச்ச வேரியண்ட்டான எம்பவர்டு பிளஸ் 13.29 லட்சம். 35 யூனிட் பேட்டரியில் தொடக்க வேரியண்ட்டான அட்வென்ச்சர் 12.99 லட்சம். வாங்குபவர் முன்னால் இருப்பது ஒரே பணத்துக்கு இரண்டு கார்கள். 13.29-இல் காற்றோட்ட சீட், 360 டிகிரி கேமரா, பெரிய திரை, அலாய் வீல் உண்டு; அதோடு சின்ன பேட்டரியும் 82 குதிரைத்திறன் மோட்டாரும். 12.99-இல் அந்த வசதிகள் கிடையாது; பத்து யூனிட் கூடுதல் பேட்டரியும் 122 குதிரைத்திறன் மோட்டாரும் உண்டு. ஆறு ஏர்பேக்கும், வண்டி சறுக்காமல் காக்கும் ஈஎஸ்பி-யும் எல்லா வேரியண்ட்டிலும் பொது. பாதுகாப்பைப் பேரத்துக்கு வெளியே நிறுத்தியது இந்த வரிசையின் தலையாய நிறை. பெரிய பேட்டரியை உச்சியில் மட்டும் பூட்டி வைக்காமல் நடு வேரியண்ட்டிலேயே திறந்துவிட்டது இரண்டாவது நிறை.

அந்தப் பத்து யூனிட் எதை வாங்கித் தருகிறது? நெடுஞ்சாலை வேகத்தில் யூனிட்டுக்கு 6 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். முழு சார்ஜில் கிளம்பி 10 சதவீதம் மிச்சம் வைத்தால் 25 யூனிட் கார் 135 கி.மீ. போகும். வழியில் 80 சதவீதம் வரை ஏற்றிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் 105 கி.மீ. கிடைக்கும். 35 யூனிட் காருக்கு அவை முறையே 189, 147 கி.மீ. சென்னைக்குச் சுமார் 350 கி.மீ. சின்ன பேட்டரி மூன்று முறை நிற்கும். பெரியது இரண்டு முறை. திரும்பி வரும்போது இன்னொரு கணக்கும் சேர்கிறது. பெங்களூர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஆட்களோடு ஒன்றரை டன் எடையை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் ஏறக்குறைய 4 யூனிட் வேண்டும். 25 யூனிட் பேட்டரியில் அது ஆறில் ஒரு பங்கு. 35-இல் ஒன்பதில் ஒரு பங்கு. கிருஷ்ணகிரி தாண்டிச் சூளகிரி ஏற்றத்தில் திரையில் சதவீதம் மளமளவென்று இறங்குவதன் காரணம் இதுதான். மேட்டில் இருக்கும் ஊரின் கார்களுக்கு வீடு திரும்பும் வழியே கடினமான வழி.

சான்றிதழில் உள்ள தூரத்தை நம்பி இந்தக் கணக்கைத் தள்ளிவிட முடியாது. 2024 ஆகஸ்டில் வந்த டாடா கர்வ் இவியின் 55 யூனிட் மாடலுக்கு அறிமுகத்தின்போது சான்றிதழ் தூரம் 585 கி.மீ. வாடிக்கையாளர்கள் உண்மையில் எதிர்பார்க்கக்கூடியது என்று நிறுவனமே பக்கத்தில் கொடுத்த தூரம் 400 முதல் 425 கி.மீ. இரண்டு எண்ணையும் அருகருகே வைத்த நேர்மை பாராட்டுக்குரியது. சான்றிதழ் எண்ணில் எழுபது சதவீதத்தை எடுத்துக்கொள்வதே விவேகம் என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை.

எதிர்வாதத்தையும் அதன் முழுப் பலத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும். காற்றோட்ட சீட்டும் கேமராவும் தினமும் பயன்படுபவை. பெரிய பேட்டரி முழுமையாகப் பயன்படுவது வருடத்தில் சில பயணங்களில்தான். மற்ற நாட்களில் அது வெறும் சுமை. நகரத்தில் தினம் 40 கி.மீ. ஓட்டுபவருக்குச் செலவாவது 6 யூனிட் அளவில்தான். வீட்டில் வெளியூருக்கென்று இன்னொரு கார் இருந்தால் இந்த வாதம் வென்றுவிடும். அவருக்கு 25 யூனிட் எம்பவர்டு பிளஸ் பிழையான தேர்வே அல்ல. அந்தத் தர்க்கத்தை முழுதாக ஏற்றுக் கட்டிய கார் எம்ஜி காமெட். 17.3 யூனிட் பேட்டரி, டிசி வேகச் சார்ஜிங் அறவே இல்லை. நகரம் மட்டுமே தன் எல்லை என்று ஒளிவில்லாமல் சொல்லும் கார் அது. அந்தக் கறார்தான் அதன் நிறையும் குறையும். ஆனால் இருப்பது ஒரே கார் என்ற வீட்டில் எதிர்வாதம் நிற்காது. அந்தச் சில பயணங்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகும் பயணங்கள். நெடுஞ்சாலைச் சார்ஜர்களில் வரிசை நிற்கும் நாட்களும் அவையே. ஆண்டுகள் போகப் பேட்டரியின் கொள்ளளவு குறையும் என்பதையும் சேர்த்தால், தொடக்கத்திலேயே இறுக்கமாக இருப்பது பின்னாளில் மேலும் இறுகும். சீட்டில் காற்றோட்டம் இல்லாததால் யாருடைய பயணமும் கைவிடப்படுவதில்லை.

அடுத்தது சார்ஜர். 2022-இன் நெக்ஸான் இவி மேக்ஸ், 2023-இன் மஹிந்திரா எக்ஸ்யூவி400, 2024-இன் பஞ்ச் இவி மூன்றிலும் 3.3 கிலோவாட்டிலிருந்து 7.2 கிலோவாட்டுக்கு உயர நிறுவனங்கள் கேட்டது 50,000 ரூபாய். பஞ்ச் இவியில் சன்ரூஃபுக்கும் அதே 50,000 ரூபாய். ஒரே விலையில் இரண்டு ஆப்ஷன்கள் அடுத்தடுத்து நிற்கும் அந்த இடம் வாங்குபவரின் பகுத்தறிவுக்குச் சரியான சோதனை.

மீளாமையை மட்டும் பார்த்தால் 7.2 என்று சொல்லிவிடலாம். இடப்பொருத்தம் அவ்வளவு சீக்கிரம் சம்மதிக்காது. 40 கி.மீ. ஓட்டத்துக்கான 6 யூனிட்டை 3.3 கிலோவாட் சார்ஜர் இரண்டு மணி நேரத்தில் ஏற்றிவிடும். இரவு பத்து மணி நேரம் கிடைத்தால் சின்ன பேட்டரி அடியிலிருந்தே நிரம்பிவிடும். அடித்தளத் தூணில் இருக்கும் 15 ஆம்பியர் பிளக் இதற்குப் போதும். 7.2 கிலோவாட்டுக்கு 32 ஆம்பியர் தனி லைன் வேண்டும். மீட்டர் அறையிலிருந்து உங்கள் பார்க்கிங் வரை கேபிள் இழுக்க வேண்டும். மின்விநியோக நிறுவனமான பெஸ்காமிடம் மின்சுமையை உயர்த்திக்கொள்ள வேண்டியிருக்கும். குடியிருப்போர் சங்கம் இசைய வேண்டும். 2025 ஜனவரியில் வந்த ஹூண்டாய் கிரெட்டா எலக்ட்ரிக்கோடு 73,000 ரூபாய்க்குத் தந்த 11 கிலோவாட் சுவர்ப்பெட்டி இன்னும் ஒரு படி மேலே போய், மூன்று ஃபேஸ் இணைப்பைக் கேட்கிறது. இவை கைகூடாத இடத்தில் வாங்கிய சார்ஜர் அட்டைப்பெட்டியிலேயே கிடக்கும்.

இரண்டு அளவுகோலும் மோதும் இந்த இடத்தில் ஒரு பிரிப்பு உதவும். சுவரில் மாட்டும் பெட்டி வேறு, காருக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜர் வேறு. முன்னதை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். பின்னதைக் கார் வாங்கும் நாளில் மட்டுமே முடிவு செய்ய முடியும். ஆகவே ஷோரூமில் கேட்க வேண்டிய கேள்வி இது: “இந்த 50,000 ரூபாய் சுவருக்கா, காருக்கா?” காருக்கு என்றால், பெரிய பேட்டரிக்காரர் கொடுக்கலாம். அலுவலகத்திலும் மாலிலும் இருக்கும் 7.4 கிலோவாட் ஏசி பாயிண்ட்டுகளில் அதன் பலன் கிடைக்கும். அடுக்குமாடியின் பொது பாயிண்ட்டை முறைவைத்துப் பகிரும்போதும் கிடைக்கும். சுவருக்கு மட்டும் என்றால், லைன் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம். சன்ரூஃபுக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை. வெயிலை உள்ளே விடுவது, ஏசிக்கு வேலை கொடுப்பது, தலைக்கு மேல் எடை கூட்டுவது மூன்றும் தூரத்துக்கு எதிரானவை.

விலைப்பட்டியலில் அச்சாகாத ஒரு கோடு கர்நாடகத்தில் உண்டு. 2017-இல் இந்தியாவில் முதன்முதலாக மின்வாகனக் கொள்கை வெளியிட்ட மாநிலம் இது. அந்த மாநிலமே 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தில், 25 லட்சத்துக்கு மேல் விலையுள்ள மின்கார்களுக்கு 10 சதவீத வாழ்நாள் வரி விதித்தது. 25 லட்சம் வரையுள்ளவற்றின் விலக்கை அந்தத் திருத்தம் தொடவில்லை. 25 லட்சத்தைத் தாண்டிய பகுதிக்கு மட்டும் வரி என்றில்லை. விலை முழுவதற்கும் வரி. இதனால் ஆப்ஷன்களின் உண்மை விலையே இங்கு மாறிவிட்டது.

மஹிந்திராவின் எக்ஸ்இவி 9இ-ஐ எடுத்துக்கொள்வோம். 2025 ஜூலை விலையில் அதன் பேக் டூ வேரியண்ட் 59 யூனிட் பேட்டரியோடு 24.90 லட்சம், 79 யூனிட்டோடு 26.50 லட்சம். பட்டியலின்படி இருபது யூனிட்டுக்கு 1.60 லட்சம், மிக நியாயமான விலை. பெங்களூரில் பதிவு செய்தபோது அந்தத் திருத்தத்தின்படி அதோடு 2.65 லட்சம் வரி சேர்ந்து, வித்தியாசம் 4.25 லட்சமானது. அந்த விலையில் அது நியாயமல்ல. அதே நிறுவனத்தின் பிஇ 6-இல் பேக் டூவும் 79 யூனிட்டும் சேர்ந்து 23.50 லட்சம், கோட்டுக்கு உள்ளே. அதே பேட்டரியோடு பேக் த்ரீ 26.90 லட்சம், கோட்டுக்கு வெளியே. பட்டியலில் 3.40 லட்சமாகத் தெரியும் அந்த அலங்கார இடைவெளி இந்தச் சட்டத்தின் கணக்கில் 6.09 லட்சம். கர்நாடகத்தில் பதிவு செய்பவர் எக்ஸ்-ஷோரூம் விலையை வைத்து வேரியண்ட் பேசுவது பயனற்ற பேச்சு. ஆன்-ரோடு விலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வாங்கிய பிறகே ஒப்பீடு தொடங்க வேண்டும்.

மஹிந்திராவின் வரிசை வேறு இரண்டு காரணங்களுக்காகவும் கவனத்துக்குரியது. 2024 நவம்பரில் அறிமுகமான இந்தக் கார்களில் 79 யூனிட் பேட்டரி முதலில் பேக் த்ரீக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டிருந்தது. இ2ஓ பிளஸ்ஸின் பழைய நிபந்தனை அப்படியே திரும்பி வந்தது போல. 2025 ஜூலையில் அதைப் பேக் டூவுக்கும் திறந்துவிட்டது சரியான திருத்தம். எம்ஜி விண்ட்சர் புரோவும் அதே பாதையில் சென்றது. 2025 மே மாதம் அதன் 52.9 யூனிட் பேட்டரி உச்ச வேரியண்ட்டில் மட்டும் வந்தது. பிறகு அதற்குக் கீழுள்ள வேரியண்ட்டுக்கும் இறங்கியது. கிரெட்டா எலக்ட்ரிக் தொடக்கத்திலேயே 51.4 யூனிட்டை நடுவிலிருந்த ஸ்மார்ட் (ஓ)-வில் கொடுத்தது; இந்த ஒரு விஷயத்தில் அதன் வரிசை மற்றவற்றைவிட ஒழுங்கானது. மஹிந்திரா பட்டியலின் இரண்டாவது விஷயம் குறை. 7.2 கிலோவாட் சார்ஜருக்கு 50,000 ரூபாயும் 11.2-க்கு 75,000 ரூபாயும் தனியாகக் கேட்டார்கள். அறிவித்த விலையில் சார்ஜர் அடங்கவில்லை. பொருளைப் பிரித்து விற்பது தவறல்ல. பிரித்த பொருள் இல்லாமல் பெரும்பாலோரால் காரை ஓட்டமுடியாது என்னும்போது, அதை விட்டுவிட்டு விலையை விளம்பரப்படுத்துவது வாசகரின் கணக்கைக் குழப்புகிறது.

மற்ற வசதிகளைச் சுருக்கமாகவே பார்க்கலாம். காற்றோட்ட சீட்டுக்குச் சென்னையில் கிடைக்கும் மதிப்பெண்ணில் பாதிதான் பெங்களூரின் தட்பவெப்பத்தில் கிடைக்கும். பெரிய அலாய் வீல் பார்வைக்கு நல்லது. ஆனால் பேட்டரியைக் கூடுதலாகத் தின்னும், மெல்லிய டயர் நம் தெருக் குழிகளில் சீக்கிரம் அடிவாங்கும். 360 டிகிரி கேமரா நெருக்கமான அடித்தள பார்க்கிங்கில் தினமும் உழைக்கும்; உச்ச வேரியண்ட்டின் பொருள்களில் உண்மையிலேயே ஏங்கத் தக்கது இது. ஏடிஏஎஸ் பற்றி இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். தானாகப் பிரேக் பிடிக்கும் பகுதி உயிர் காக்கக்கூடியது. லேனைப் பிடித்து ஓட்டும் பகுதி, கோடு மதிக்கப்படும் மைசூர் விரைவுச்சாலையில் உதவும். நெரிசலான சில்க் போர்டு சந்திப்பில் உதவாது. நெக்ஸான் இவி 2025-இல் அதைத் தன் உச்ச வேரியண்ட்டில் மட்டும் சேர்த்தது. அடிக்கடி நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்கு அந்தக் கூடுதல் பணம் தகும். மற்றவருக்கு ஆறு ஏர்பேக்கும் ஈஎஸ்பி-யும் எந்த வேரியண்ட்டிலும் உண்டா என்று உறுதி செய்வதே முதல் கடமை.

பேட்டரியையே விலையிலிருந்து பிரித்த முயற்சிக்கும் தீர்ப்பு சொல்ல வேண்டும். 2024 செப்டம்பரில் எம்ஜி விண்ட்சரை 9.99 லட்சத்துக்கும், கூடவே கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் பேட்டரி வாடகைக்கும் அறிவித்தார்கள். பேட்டரியோடு வாங்கினால் 13.50 லட்சம். இடைவெளி 3.51 லட்சம், அதாவது வாடகைக் கணக்கில் ஒரு லட்சம் கிலோமீட்டர். ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓட்டுபவருக்கு அது எட்டு ஆண்டுகளுக்கு மேல். வட்டியைச் சேர்த்தால் குறைவாக ஓட்டுபவருக்கு வாடகையும், அதிகம் ஓட்டுபவருக்கு முழு விலையும் லாபம் என்று தோன்றும். ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச மாத ஓட்டத்துக்குக் கட்டணம் என்ற நிபந்தனை இருந்தால், குறைவாக ஓட்டுபவரின் லாபம் அதிலேயே கரைந்துவிடும். கையெழுத்துக்கு முன் வாசிக்க வேண்டிய வரி அது. இந்தக் கணக்குக்கு அப்பால், அறிமுகத்தின்போது மூன்று வேரியண்ட்டிலும் ஒரே 38 யூனிட் பேட்டரியை வைத்த விண்ட்சரின் வரிசை, 2020 நெக்ஸானுக்குப் பிறகு நான் வாசித்தவற்றில் மிகச் சுத்தமானது.

தீர்ப்பு இதுதான். ஒரே கார் உள்ள பெங்களூர்க் குடும்பத்துக்குச் சரியான தேர்வு, பெரிய பேட்டரி கிடைக்கும் மிகக் கீழான வேரியண்ட். அங்கிருந்து மேலே ஏறுவதற்கு 360 டிகிரி கேமராவோ தானாகப் பிடிக்கும் பிரேக்கோ காரணமாகலாம். கூரையும் சக்கரமும் திரையும் காரணமாகக் கூடாது. இரண்டாவது காராக வாங்குபவர் சின்ன பேட்டரியோடு வசதிகளை எடுத்துக்கொள்ளலாம். அவருடைய தேர்வும் அதே அளவுகோலில் தேறும். காருக்குள் இருக்கும் 7.2 கிலோவாட் சார்ஜருக்குப் பெரிய பேட்டரியோடு சேர்த்துப் பணம் கொடுங்கள். சுவர்ப்பெட்டிக்கு லைன் உறுதியான பிறகு கொடுங்கள். நடப்பு வரிக்கோட்டின் அருகில் வந்துவிட்டால் ஓர் ஆப்ஷனை விட்டுவிட்டுக் கோட்டுக்குள் நில்லுங்கள்.

தயாரிப்பவர்களிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. ஒவ்வொரு பேட்டரியும் நடு வேரியண்ட்டிலிருந்தே கிடைக்க வேண்டும். விளம்பர விலையில் சார்ஜர் அடங்க வேண்டும். பாதுகாப்பு எல்லா வேரியண்ட்டுக்கும் பொதுவாக இருக்க வேண்டும். பஞ்ச் இவி மூன்றாவதை நிறைவாகவும் முதலாவதைப் பெரும்பாலும் நிறைவேற்றியது. கிரெட்டா முதலாவதை அறிமுக நாளிலேயே நிறைவேற்றியது. மஹிந்திராவும் எம்ஜியும் தாமதமாக, ஆனால் சரியான திசையில் திருத்திக்கொண்டன. இரண்டு நிறுவனங்கள் ஒரே ஆண்டில் பெரிய பேட்டரியைக் கீழே இறக்கின என்றால், உச்ச வேரியண்ட்டை வேண்டாம் என்றவர்களின் கணக்கு சந்தையில் எடுபட்டிருக்கிறது என்றே கொள்கிறேன். அந்தக் கணக்கை ஒவ்வொரு ஷோரூமிலும் விடாமல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வரிசைகள் நேராக வேறு வழி எனக்குத் தெரியவில்லை.